உட்கார்ந்து சாப்பிடலாம்: கொரோனா காலத்து உணவகங்களும் காற்றின் கணக்கும்

2020 ஜூன் 8, திங்கட்கிழமை. தமிழ்நாட்டு உணவகங்களில் ஆட்கள் மறுபடி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய நாள். மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு வந்ததிலிருந்து அதுவரை பார்சல் மட்டும்தான். தூத்துக்குடி மில்லர்புரம் மாதிரியான இடத்தில் அந்த இரண்டரை மாதம் எத்தனை பேர் வயிற்றைப் பாதித்தது என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர், அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பையன்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த கம்பெனித் தொழிலாளி, உப்பளத்தில் முதுகு காய்ந்து திரும்புகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஓட்டல்தான் அடுப்படி. பார்சலை வாங்கி எங்கே உட்கார்ந்து பிரிப்பது என்பதே அவர்களில் பலருக்குத் தினசரிப் பிரச்சினையாக இருந்தது.

கடை திறக்கத்தான் வேண்டும், நோயும் பரவக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சாதிக்க அரசுகள் போட்ட விதிகளில் எவை உதவின, எவை வெறும் சடங்காக நின்றன? உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. ஆனால் அன்றைய விதிகள் கோப்பில் அப்படியே இருக்கின்றன. அடுத்த தொற்று வந்தால் அதே கோப்பைத்தான் எடுப்பார்கள். ஆகவே இப்போதே அதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் விதிகள் நாற்காலியையும் கடிகாரத்தையும் எண்ணின, காற்றை எண்ணவில்லை. அதனால் அதிகம் அடிபட்டவை, காற்றோட்டத்தில் யாருக்கும் குறையாத தெருவோரக் கடைகள்.

மத்திய சுகாதார அமைச்சகம் உணவகங்களுக்கான நெறிமுறையை 2020 ஜூன் 4ஆம் தேதி வெளியிட்டது. இருக்கைகளில் பாதிக்கு மேல் ஆட்களை உட்கார வைக்கக் கூடாது. ஆறடி இடைவெளி, வாசலில் வெப்பமானி, கைகளுக்குக் கிருமிநாசினி. மெனு அட்டை ஒருமுறை பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும். துணிக் கைக்குட்டைக்குப் பதில் காகிதம். வாடிக்கையாளர் எழுந்ததும் மேசையைத் துடைக்க வேண்டும். ஏ.சி. ஓடலாம், 24 முதல் 30 டிகிரிக்குள், ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதத்துக்குள். வெளிக்காற்று கூடுமானவரை உள்ளே வர வேண்டும், காற்று குறுக்கே ஓட வேண்டும் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரிக்கு மட்டும் எண் கிடையாது. எவ்வளவு காற்று, எப்படி அளப்பது, யார் பார்ப்பது என்று எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு இதில் ஒரு படி மேலே போய், ஏ.சி. இருந்தாலும் ஓட்டக் கூடாது என்றது. அந்த நேரத்தில் எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். ஏன் என்று பார்க்க, சீனாவுக்குப் போக வேண்டும்.

2020 ஜனவரி 24. குவாங்சௌ நகரில் ஒரு ஓட்டலின் மூன்றாம் மாடி. ஜன்னல் கிடையாது, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள் வூகானிலிருந்து வந்த ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது. அவர்களில் ஒருவருக்கு அன்று அதற்குப் பிறகுதான் காய்ச்சல் தொடங்கியது. அவர் உட்பட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று வந்தது. மூன்று குடும்பமும் ஒரே ஏ.சி. காற்று சுற்றிய வரிசையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்தவை. அன்று அதே மாடியில் சாப்பிட்டவர்கள் 83 பேர். மீதி 73 பேருக்கும் பரிமாறிய ஊழியர்களுக்கும் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கூடத்தில் காற்றை அளந்தபோது, ஆளுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வெளிக்காற்றுதான் உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்தது. வெளியேற்றும் விசிறிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த அளவு 10 லிட்டர் இருக்க வேண்டும் என்கிறது.

தென்கொரியாவின் ஜொஞ்சுவில் அதே ஆண்டு ஜூனில் நடந்தது இன்னும் துல்லியமானது. ஆறரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, ஐந்தே நிமிடத்தில், ஏ.சி. காற்று போன திசையில் தொற்று போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆறரை மீட்டர் என்றால் இருபத்தோரு அடி. ஆறடி என்று தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தோமே, அதைப் போல மூன்றரை மடங்கு. ஜப்பானில் முதல் 110 நோயாளிகளை வைத்துச் செய்த ஆரம்பக் கணக்கு ஒன்று, மூடிய இடத்தில் பரவும் வாய்ப்பு திறந்த வெளியைப் போல 18.7 மடங்கு என்றது. எண்ணில் ஏற்ற இறக்கம் இருக்கலாம், திசையில் சந்தேகமில்லை.

மேசையையும் தட்டையும் தொடுவதால் வரும் ஆபத்து எவ்வளவு? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், அசுத்தமான ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழ் என்று சொல்லிவிட்டது. அதற்குள் நம் கடைக்காரர்கள் கிருமிநாசினிக்கும் காகிதத் தட்டுக்கும் நிறையச் செலவழித்திருந்தார்கள். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிய எவர்சில்வர் தட்டே போதும்.

வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியும் அப்படித்தான். நோயாளியை வாசலில் பிடித்து நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை இந்தத் துறைமுகத்துக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறப் போன தொழிலாளர்களை ஊருக்கு மேற்கே தட்டப்பாறை முகாமில் தங்கவைத்துப் பரிசோதித்துத்தான் அந்தக் காலத்தில் அனுப்பினார்கள். அங்கே நாள்கணக்கில் வைத்திருந்து பார்த்ததால் நோய் வெளிப்பட அவகாசம் இருந்தது. ஓட்டல் வாசலில் ஒரு நொடிதான். கொரோனாவோ காய்ச்சல் தொடங்குவதற்கு முன்னாலேயே பரவுவது. குவாங்சௌவில் அந்த ஒருவர் சாப்பிட உட்கார்ந்த வேளையில் வெப்பமானி காட்டியிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

இனி மில்லர்புரத்துக்கு வருவோம். பாளையங்கோட்டை சாலைப் பக்கம் சாயங்காலம் நடந்தால் பரோட்டாக் கடைகளின் அமைப்பு தெரியும். கல் தெருவைப் பார்த்து இருக்கும். மாஸ்டர் நிற்பது பாதி வெளியே. பின்னால் நாலைந்து மேசை, முன்னால் தகரக் கூரையின் கீழ் இரண்டு பெஞ்சு, அதையும் தாண்டி ரோட்டோரம் ஸ்டூல்கள். ராத்திரி நேரத்து இந்தக் கடைகளைத் தூத்துக்குடியில் ‘நைட் கிளப்’ என்றே சொல்வார்கள். கதவு கிடையாது, ஷட்டர்தான். தூக்கிவிட்டால் கடையின் ஒரு பக்கச் சுவரே இல்லாமல் போகும். அடுப்பு வெக்கை மேலே எழும்ப எழும்ப வெளிக்காற்று கீழே உள்ளே வந்துகொண்டே இருக்கும். பொறியாளரை வைத்துத் திட்டமிட்டாலும் இதைவிட மலிவான காற்றோட்டம் அமையாது.

அதோடு பருவமும் சேர்ந்துகொண்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூத்துக்குடியில் கச்சான் அடிக்கும் காலம். கணவாய்கள் வழியே மேற்கிலிருந்து வந்து, கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, புழுதியை வாரிக்கொண்டு ஊருக்குள் நுழையும் காற்று. மேற்கே இருக்கும் பகுதிகளில் அதன் வேகத்துக்கு மேசையில் போட்ட இலை நிற்காது. டம்ளரை ஓரத்தில் வைத்துத்தான் இலையை விரிப்பார்கள். 2020இல் உணவகங்கள் திறந்தது சரியாக இந்தக் காற்றுக் காலத்தின் தொடக்கத்தில். திறந்த கடைகளில் மட்டும் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து சாப்பிடலாம், கதவு மூடிய கூடங்களுக்கு மட்டும் கெடுபிடி என்று அன்றைக்கு ஒரு விதி வந்திருந்தால், தென்மாவட்டங்களின் நிலத்துக்கும் காற்றுக்கும் அது அப்படியே பொருந்தியிருக்கும்.

வந்த விதி நேர்மாறானது. நாடு முழுக்க ஜூனில் இரவு 9 மணிமுதல் ஊரடங்கு, ஜூலையில் 10 மணிமுதல். ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறுகளில் தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லா முடக்கம். செப்டம்பர் 1 முதல் வந்த தளர்விலும் உட்கார்ந்து சாப்பிட இரவு 8 மணிவரை, பார்சலுக்கு 9 மணிவரை. காலை இட்லி, மதியச் சாப்பாடு போடும் கடைக்கு இது பெரிய இழப்பில்லை. பரோட்டாக் கடைக்கோ இது உயிர்நாடியில் விழுந்த வெட்டு. மத்தியானம் மாவு பிசைந்து, எண்ணெய் தடவி ஊறப்போட்டு, உருண்டை பிடித்து, கல் சூடாகும்போது சாயங்காலம் ஆறு ஆகிவிடும். கூட்டம் சேர்வது எட்டுக்கு மேல்தான். எட்டு மணிக்கு இலையை எடு என்றால் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம், அதிலும் பாதி இருக்கை. எட்டரைக்குக் கல்லைச் சுற்றிப் பார்சலுக்கு நெருக்கியடித்து நின்ற கூட்டத்தில், தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்டூல்களில் அவர்கள் உட்கார்ந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய இடைவெளிகூட இல்லை.

நேரத்தைக் குறைத்தால் தொற்று குறையும் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே படும். ஒரே அளவு சனத்தைக் குறைந்த நேரத்துக்குள் திணிக்கிறோம் என்பது பிறகுதான் உறைக்கும். இங்கிலாந்து இதை 2020 செப்டம்பர் 24 முதல் அனுபவித்தது. உணவகங்களும் மதுக்கடைகளும் இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்றார்கள். பத்து அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தெருவிலும் ரயில் நிலையத்திலும் குவிந்தார்கள். டிசம்பரில் அதைத் தளர்த்தி, பத்து மணிக்குக் கடைசி ஆர்டர், பதினொன்றுக்கு மூடுதல் என்று மாற்றினார்கள். அதே நாடு அதற்கு முந்தின ஆகஸ்டில் திங்கள் முதல் புதன் வரை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி விலையை அரசே தரும் என்று கூப்பிட்டது. அந்தக் கோடையில் உருவான புதிய தொற்றுத் திரள்களில் 8 முதல் 17 சதவீதம் வரை அந்தச் சலுகையோடு தொடர்புடையது என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உள்ளே உட்காருவதற்கும் வெளியே உட்காருவதற்கும் சலுகையில் வித்தியாசம் வைக்கவில்லை.

ஹாங்காங் எதிர்த் திசையில் போய் முட்டிக்கொண்டது. 2020 ஜூலை 29 அன்று நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடத் தடை. கட்டடத் தொழிலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் குந்திச் சாப்பிட்ட படங்கள் பரவின. இரண்டே நாளில் காலையும் மதியமும் உட்கார அனுமதித்தார்கள். ஆனால் ஹாங்காங் அதோடு நிற்கவில்லை. 2021இல் உணவகக் கூடத்தின் காற்று மணிக்கு ஆறு முறை மாற வேண்டும், முடியாவிட்டால் காற்றுச் சுத்திகரிப்பான் வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எண்ணிப் பார்க்கக்கூடிய விதி என்றால் இதுதான்.

தூத்துக்குடி மாவட்டத்தில் மூடும் நேரத்தைப் பற்றி எழுதும்போது சாத்தான்குளத்தைச் சொல்லாமல் போக முடியாது, போகவும் கூடாது. 2020 ஜூன் 19, ஓட்டல்கள் திறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அனுமதித்த நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துப் போனது. ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எந்தக் கடைக்காரரும் கடிகாரத்தைச் சுகாதார விதியாகப் பார்த்திருக்க முடியாது. நோயைத் தடுக்கும் விதியை லத்தி அமல்படுத்தினால் சனங்கள் லத்திக்குத்தான் பயப்படுவார்கள், நோயை மறந்துவிடுவார்கள். பொதுச் சுகாதாரத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. செப்டம்பரில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500, விதிமீறும் நிறுவனத்துக்கு 5,000 என்று அபராதம் வைத்தது சரியான பாதை. பணத்தோடு போகும் தண்டனை.

நம் கூடங்களுக்குள் நடப்பதையே பார்க்காமல் எழுதிய விதிகளும் உண்டு. மெனு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லர்புரத்துச் சாதாரண ஓட்டலில் மெனு அட்டை ஏது? சப்ளையர்தான் மெனு. மேசைக்கு மேலே குனிந்து, “இட்லி, வடை, பொங்கல், பூரி, நெய் ரோஸ்ட், ஆனியன் ஊத்தாப்பம்” என்று மூச்சு விடாமல் உரக்கச் சொல்லுவார். அடுத்த மேசைக்கும் அதே. அடுப்படிக்கு ஆர்டர் கொடுக்கும்போது இன்னும் சத்தமாக. சத்தம் கூடக் கூட வாயிலிருந்து வரும் நுண்துளிகளும் கூடும் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. ஒருமுறை அட்டை பற்றிக் கவலைப்பட்ட நெறிமுறை, சுவரில் ஒரு கரும்பலகை மாட்டு, சீட்டெழுதி உள்ளே அனுப்பு என்று சொல்லவில்லை. ஜப்பானில் 2021 வாக்கில் பேசாமல் சாப்பிடுங்கள் என்று ஓட்டல்களே பலகை வைத்தன.

கை கழுவும் இடம் இன்னொன்று. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பிடும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை வாஷ்பேசினுக்குப் போகிறோம். பெரும்பாலான கடைகளில் அது கடைக்கோடியில், சமையலறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், இரண்டு பேர் தோள் இடிக்கும் சந்தில் இருக்கும். காற்றே வராத மூலை. அங்கேதான் முகக்கவசமில்லாமல் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக வாய் கொப்பளிக்கிறோம். கூடத்தில் நாற்காலிகளைப் பாதியாக்கிவிட்டு இந்த மூலையை அப்படியே விட்டுவைத்தால் என்ன பயன்? ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, இல்லாவிட்டால் வாசலுக்கு வெளியே ஒரு குழாய். செலவு சில ஆயிரத்துக்குள் முடியும். தேக்கரண்டியால் சாப்பிடும் நாட்டு நெறிமுறையில் வாய் கொப்பளிப்பது வராது. நம்முடையதில் வந்திருக்க வேண்டும்.

ஏ.சி. தடையிலும் ஒரு மறுபக்கம் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் கட்டிய ஓட்டல்களில் ‘ஏ.சி. ஹால்’ என்பது திறக்க முடியாத கண்ணாடிக் கூண்டு. அங்கே ஏ.சி.யை நிறுத்தி, மின்விசிறியை மட்டும் சுற்றவிட்டால் உள்ளே இருக்கும் மூச்சுக்காற்றே கலங்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. நின்றதா என்று பார்த்த அதிகாரி ஜன்னல் திறக்குமா என்றும் பார்த்திருக்க வேண்டும். பார்ப்பது கடினம் என்பது உண்மைதான். நாற்காலியை யாரும் எண்ணலாம், காற்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் கார்பன் டை ஆக்சைடு மீட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. கூடத்தில் ஆட்கள் இருக்கும்போது ஆயிரத்தைத் தாண்டினால் பிறர் விட்ட மூச்சைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். பெரிய கட்டடங்களுக்கு ஜப்பான் சட்டமே இந்த ஆயிரத்தை வரம்பாக வைத்திருக்கிறது. கையடக்கக் கருவி. ஒரு மாநகராட்சிக்குப் பத்துக் கருவி இருந்தால் சுகாதார ஆய்வாளர்கள் ஊரையே சுற்றி வந்துவிடலாம்.

அறிவு வரவில்லை என்று சொல்ல முடியாது. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில், மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. நுண்துளிகள் பத்து மீட்டர்வரை போகலாம், ஜன்னலைத் திற, வெளியேற்றும் விசிறியைப் போடு என்று சாதாரண மனிதருக்குப் புரியும்படி படம் போட்டுச் சொன்னது. ஆனால் ஜூலை 5 அன்று எல்லா மாவட்டங்களிலும் உட்கார்ந்து சாப்பிட மறுபடி அனுமதி வந்தபோது என்ன நிபந்தனை? 50 சதவீத இருக்கை, இரவு 8 மணி. ஓராண்டு முந்தைய விதியே. 2022 ஜனவரியில் ஓமிக்ரான் வந்தபோதும் அதே 50 சதவீதம். இடையில் உலகம் கற்றது எதுவும் அந்த ஆணைகளில் ஏறவில்லை. இந்த ஆய்வில் எனக்கு அதிகம் மனம் கசந்தது இங்கேதான்.

மறுபக்க வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க மையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், தொற்று வந்தவர்கள் முந்தைய இரண்டு வாரத்தில் உணவகத்தில் சாப்பிட்டிருந்த வாய்ப்பு, வராதவர்களைப் போல இரண்டு மடங்கு. 314 பேர் பங்கெடுத்த ஆய்வு அது. உணவகம் ஆபத்தான இடமே என்று இதை வைத்து வாதாடலாம். சாப்பிடும்போது முகக்கவசம் போட முடியாது, அதனால் வாதத்தில் வலுவும் உண்டு. ஆனால் உள்ளே சாப்பிட்டார்களா, வெளியே சாப்பிட்டார்களா என்று அந்த ஆய்வு பிரித்துக் கேட்கவில்லை. நியூயார்க் நகரம் அந்த வித்தியாசத்தைத்தான் நம்பி இறங்கியது. 2020 ஜூன் 22 முதல் நடைபாதையிலும் தெருவிலும் மேசை போட அனுமதித்தது. உள்ளே உட்கார வைக்கச் செப்டம்பர் 30 வரை காத்திருந்தது, அப்போதும் கால்வாசி இருக்கைதான். தெருவில் மேசை போட நியூயார்க் தனித் திட்டம் வகுக்க வேண்டியிருந்தது. நம் பரோட்டாக் கடை காலகாலமாக அங்கேதான் இருக்கிறது. அதை ஆக்கிரமிப்பு என்று மட்டுமே பார்க்கப் பழகியதால், அதன் நன்மை அதிகாரிகளின் கண்ணில் படவில்லை.

கடை பாதியானால் கடையோடு நிற்பதில்லை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்துத் தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்களில் இலை அறுப்பவர்களுக்குக் கல்யாணமும் ஓட்டலும்தான் சந்தை. கல்யாணத்துக்கு 50 பேர், ஓட்டலில் பாதி இலை என்றானதும் அறுத்த இலை கட்டோடு வதங்கியது. ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 முடியும் பனிமய மாதா திருவிழா இந்த ஊர்க் கடைகளுக்கு ஆண்டின் பெரிய வியாபாரம். 2020இல் மக்கள் கூடாமலே விழா நடந்தது. திருவிழாக் கூட்டத்தைத் தவிர்த்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அது தேவைப்பட்டது. அப்படிப் போன வருமானத்தைத் திறந்தவெளிக் கடைகள் மற்ற நாட்களிலாவது ஈட்டிக்கொள்ள விட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

கடைசியாக, ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத ஆள்: மாஸ்டரும் சப்ளையரும். வாடிக்கையாளர் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். இவர் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அந்தக் காற்றிலேயே நிற்கிறார், இரவில் கடைக்காரர் பிடித்துக் கொடுத்த ஒரே அறையில் ஆறேழு பேரோடு படுக்கிறார். தினக்கூலி. காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி இல்லை. அவர் மாத்திரை போட்டுக்கொண்டு கல்லில் வந்து நிற்பதை எந்த வெப்பமானி தடுக்கும்? தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் இருப்பவருக்கு நோய்க்கால விடுப்பில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஐந்து பேர் வைத்து நடத்தும் பரோட்டாக் கடை அதற்குள் வராது. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்தது 10,000 ரூபாய் கடன். கடன் கடையைத் திறக்க உதவும், காய்ச்சல்காரரை வீட்டில் படுக்க வைக்க உதவாது. நலவாரியத்தில் பதிந்த உணவகத் தொழிலாளிக்கு, அரசு மருத்துவர் சீட்டு ஒன்று இருந்தால் பத்து நாள் கூலி என்று ஓர் ஏற்பாடு, தொற்றுக் காலத்தில் தானாக நடப்புக்கு வரும்படி இப்போதே எழுதி வைக்கலாம். மேசைகளின் இடைவெளியை அளக்க ஆள் அனுப்பிய செலவில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினால், மில்லர்புரத்தில் ஒரு மாஸ்டர் காய்ச்சலோடு கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்காது.